லேசர் பிடிக்கும் கைக்கு உரிமம் கொடுப்பது யார்?

மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கரையோரம் நெடுக உள்ள அழகு நிலையங்களின் விலைப்பட்டியலில், த்ரெடிங், வேக்ஸிங் என்ற வரிகளுக்குக் கீழே "லேசர்" என்ற வரியும் இப்போது சேர்ந்து வருகிறது. மேலுதட்டுக்கு ஒரு விலை, நாடிக்கு ஒரு விலை, கை முழுவதற்கும் ஒரு விலை. ஆறு தரத்துக்கும் சேர்த்துக் காசு கட்டினால் கழிவு. கலியாணம் பேசி வைத்திருக்கும் பெண்பிள்ளைகளும், முகத்தில் முடி முளைப்பதைப் பள்ளிக்கூடக் காலம் தொட்டே மறைத்து வந்தவர்களும் அந்த வரியை நம்பி உள்ளே போகிறார்கள். அங்கே பலரும் கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்று உண்டு. இந்தக் கருவியைப் பிடித்து என் தோலில் ஒளியைச் சுடுகிறவருக்கு, அதைச் செய்ய அனுமதி கொடுத்தது யார்?

இலங்கையில் இதற்கு நேரான பதில் இல்லை. அழகு நிலையத்தில் லேசரை இயக்குகிறவர் இன்ன படிப்புப் படித்திருக்க வேண்டும், இத்தனை பேருக்கு மேற்பார்வையில் செய்து பழகியிருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் தனி உரிமம் எதுவும் நம்மிடம் இல்லை. கட்டிடத்தைப் பார்க்கச் சட்டம் இருக்கிறது. இயந்திரத்தைப் பார்க்கவும் சட்டம் இருக்கிறது. மருத்துவரைப் பார்க்கவும் இருக்கிறது. மருத்துவர் அல்லாத ஒருவரின் கையில் லேசர் இருக்கும்போது அந்தக் கையைப் பார்க்கிற சட்டம்தான் இல்லை. நம்முடைய தோலுக்கு அந்தக் கைதான் எல்லாவற்றையும் விட முக்கியம். ஏன் என்று சொல்ல, லேசரால் முடி போகிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

கறுப்பை நோக்கிப் பாயும் ஒளி

லேசர் 1960இல் பிறந்தது. அதைக் கொண்டு தோலைப் புண்ணாக்காமல் தோலுக்குள் இருக்கும் ஒரு பொருளை மட்டும் சுட முடியும் என்பதை 1983இல் ரொக்ஸ் அண்டர்சன், ஜோன் பரிஷ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் விளக்கினார்கள். ஒவ்வொரு நிறப்பொருளும் சில அலைநீளங்களை அதிகமாக உறிஞ்சும். அந்த அலைநீளத்தில், அந்தப் பொருள் சூடாறுவதற்கு எடுக்கும் நேரத்தை விடக் குறுகிய துடிப்பாக ஒளியைக் கொடுத்தால், சூடு அந்தப் பொருளோடு நின்றுவிடும்; சுற்றியுள்ள இழையம் தப்பும். முடியைப் பொறுத்தவரை அந்தப் பொருள் மெலனின். முடித்தண்டில் உள்ள மெலனின் ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது, அந்தச் சூடு முடி முளைக்கும் வேர்ப்பையைப் பாதிக்கிறது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் முடி நீக்கும் லேசர்களுக்கு அனுமதி கொடுக்கத் தொடங்கியது.

வெளிறிய தோலில் கறுத்த முடி உள்ளவருக்கு இது இலகுவான வேலை. ஒளி தேடிப் போகும் கறுப்பு முடியில்தான் இருக்கிறது, தோலில் பெரிதாக இல்லை. நமக்கு அப்படி அல்ல. மெலனின் நம் மேல்தோலிலும் நிறைய உண்டு. ஒளி வேருக்குப் போகும் வழியிலேயே மேல்தோல் அதை உறிஞ்சத் தொடங்கிவிடும். தோமஸ் பிட்ஸ்பட்ரிக் என்ற தோல் மருத்துவர் 1975இல் தொடங்கிவைத்த வகைப்பாடு, வெயிலுக்குத் தோல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை வைத்துத் தோலை இன்று 6 வகையாகப் பிரிக்கிறது. கிழக்குக் கரையில் நாம் பெரும்பாலும் 4, 5, 6 ஆகிய வகைகளுக்குள் வருகிறோம். இயந்திரம் செய்கிற நிறுவனங்களின் கையேடுகளில் எச்சரிக்கைகள் குவிந்திருப்பதும் இந்த வகைகளுக்குத்தான்.

எந்த இயந்திரம் என்பதும் இங்கே பெரிய விஷயம். அலெக்சாண்ட்ரைட் லேசரின் அலைநீளம் 755 நனோமீற்றர். மெலனின் அதை நன்றாக உறிஞ்சும். அதனால் வெளிறிய தோலுக்கு நல்ல பலன் தரும், கறுத்த தோலைச் சுடும். டையோட் லேசர்கள் பெரும்பாலும் 800 முதல் 810 வரை. நியோடைமியம் யாக் லேசர் 1064. இந்த அலைநீளத்தை மெலனின் குறைவாகவே உறிஞ்சுகிறது, ஒளியும் ஆழமாக இறங்குகிறது. கறுத்த தோலுக்கு ஓரளவு பாதுகாப்பானது என்று தோல் மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். வலி கூட, முடி மெலிதாக இருந்தால் பலன் குறைவு. ஆனாலும் தோல் தப்பும்.

ஐ.பி.எல். என்று ஒன்று இருக்கிறது. அது லேசரே அல்ல. ஒரே அலைநீளமாக இல்லாமல் பரந்த அலைவரிசையில் வெடித்து வரும் ஒளி, வடிகட்டிகள் வழியே தோலுக்கு வருகிறது. விலை குறைவு என்பதால் சிறிய நிலையங்கள் வாங்கக்கூடியது. அதையும் "லேசர்" என்றே விளம்பரம் செய்தால், வாடிக்கையாளர் தனக்கு என்ன நடக்கிறது என்பதை அறிய வழியே இல்லை. கறுத்த தோலில் பழக்கமில்லாத கை ஐ.பி.எல்.லைப் பிடித்தால் தீக்காயத்துக்கான வாய்ப்பு அதிகம்.

சரியான இயந்திரமே இருந்தாலும், ஒவ்வொரு ஆளுக்கும் அளவு மாறும். சதுர சென்ரிமீற்றருக்கு எத்தனை ஜூல் சக்தி, துடிப்பு எத்தனை மில்லிசெக்கன், குளிரூட்டல் எப்படி, ஒரு புள்ளியில் இரண்டு தரம் விழாமல் கையை நகர்த்துவது எப்படி என்ற தீர்மானங்கள் எல்லாம் இயக்குகிறவருடையவை. அதே ஆளுக்குக் கூட அளவு மாறும். மார்கழி மழையில் வீட்டோடு இருந்துவிட்டு வந்த ஒருத்தியின் கையும், சித்திரை வெயிலில் கல்லடிப் பாலத்தால் தினமும் ஸ்கூட்டியில் போய்வந்த அதே ஒருத்தியின் கையும் லேசருக்கு ஒன்றல்ல. வெயிலில் கறுத்த தோலுக்குப் போன தடவை கொடுத்த அளவையே கொடுத்தால் கொப்புளம் எழும்பும். போன தடவைக்குப் பிறகு வெயிலில் நின்றீர்களா என்று கேட்காத நிலையத்தில் காயம் வருவது விபத்து என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கொப்புளம் ஆறிவிடும். அதற்குப் பிறகு வருவதுதான் நம் தோலுக்குப் பெரிய துன்பம். சுட்ட இடம் மாதக்கணக்கில் கருந்திட்டாக நிற்கலாம். சில இடங்களில் நிறம் போய் வெள்ளைத் திட்டாகலாம். முகத்தில் ஒரு வெள்ளைத் திட்டு விழுந்தால் "வெண்படை வந்திட்டுதாம்" என்று ஊர் பேசும் என்பது இங்கே வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். அந்தப் பேச்சு ஒரு பிள்ளையின் கலியாணத்தையே நிறுத்தக்கூடியது. முடியை மறைக்க முடிந்த அளவுக்குத் திட்டை மறைக்க முடியாது.

தோலுக்கு வெளியேயும் ஆபத்துகள் உண்டு. புருவத்துக்குக் கீழே, கண்குழிக்குள் லேசர் அடித்ததால் கண்ணின் உட்பகுதி பாதிக்கப்பட்டதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. முடி நீக்கும் லேசர்கள் பெரும்பாலும், லேசர் பாதுகாப்பு வகைப்பாட்டில் ஆபத்து மிகக் கூடிய 4ஆம் வகுப்பைச் சேர்ந்தவை; பட்டுத் தெறிக்கும் ஒளி கூடக் கண்ணைக் கெடுக்கும். அறையில் உள்ள எல்லாருக்கும் அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி வேண்டும். துணைக்கு வந்து கதிரையில் இருக்கும் தாய்க்கும் வேண்டும்.

மரப்பு மருந்துக் களிம்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். வலி தெரியாமல் இருக்க லிடோகெய்ன் கலந்த களிம்பைப் பூசுவது உலகெங்கும் வழக்கம். அமெரிக்காவில் லேசர் சிகிச்சைக்கு முன்பு கால்களில் வீரியம் கூடிய களிம்பைப் பூசி, பிளாஸ்ரிக் தாளால் சுற்றிக்கொண்ட 22, 25 வயதுடைய இரு பெண்கள் இறந்துபோனார்கள். மருந்து தோல் வழியாக அளவுக்கு மீறி இரத்தத்தில் கலந்தது. 2007இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதைச் சொல்லிப் பொது எச்சரிக்கையே விடுத்தது. அங்கே உயிரைப் பறித்தது லேசர் அல்ல, அதற்கு முன்பு பூசிய களிம்பு.

அழகுக்கென்று வந்தவரிடம் நோய் இருக்கலாம்

பெண்ணின் நாடியிலும் மேலுதட்டிலும் தடித்த முடி வருவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது பி.சி.ஓ.எஸ். எனப்படும் சூலகம் சார்ந்த ஹோர்மோன் கோளாறு. மாதவிடாய் தவறுவது, முகப்பரு, எடை ஏறுவது எல்லாம் அதோடு சேர்ந்து வரலாம். பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பும் கூடும். அந்தப் பிள்ளைக்கு முதலில் தேவை இரத்தப் பரிசோதனையும் மருத்துவரும். "மாதம் ஒழுங்கா வருதா மகள்?" என்ற ஒரு கேள்வியை நிலையத்தில் யாராவது கேட்டால் அவள் வாழ்க்கையின் போக்கே மாறலாம். கேட்காவிட்டால் ஆறு தரம் காசு கட்டுவாள், ஹோர்மோன் உள்ளே அப்படியே இருக்கும், புதிய முடி முளைத்துக்கொண்டே வரும்.

முகத்திலும் கழுத்திலும் லேசர் அடித்த இடத்தைச் சுற்றி முடி இன்னும் கூடுவதும் உண்டு. தெற்காசிய, மத்திய கிழக்குப் பெண்களிடம் இது கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. முகப்பருவுக்கு ஐசோட்ரெற்றினோயின் எடுக்கிறவர்கள், ஒளி பட்டால் தோல் எளிதில் பாதிக்கப்படச் செய்யும் டொக்சிசைக்ளின் போன்ற மருந்துகள் எடுக்கிறவர்கள், பச்சை குத்தியவர்கள், மச்சம் உள்ள இடங்கள் என்று இயக்குகிறவர் முன்கூட்டியே விசாரித்து ஒதுக்க வேண்டியவை பல. "நிரந்தரமாகப் போகும்" என்ற வாக்குறுதியும் அளவுக்கு மீறியது. அமெரிக்க நிர்வாகம் அனுமதிக்கும் சொல் "நிரந்தரக் குறைப்பு". எண்ணிக்கை குறைந்து அப்படியே நிற்கும் என்பதுதான் அதன் பொருள்.

நம் சட்டங்கள் எங்கே நிற்கின்றன

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை, மருந்துகளோடு மருத்துவ உபகரணங்களின் பதிவையும் இறக்குமதியையும் கவனிக்கிறது. மருத்துவ உபகரணமாகப் பதிவான லேசர் அதன் கண்ணுக்குள் வரும். ஆனால் அந்த இயந்திரம் கொழும்பிலிருந்து லொறியில் ஏறி ஏறாவூரில் இறங்கிய பிறகு அதை யார் பிடிக்கிறார் என்பது அந்தச் சட்டத்தின் வேலை அல்ல.

2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம் தனியார் மருத்துவமனை, ஆய்வுகூடம், பல் சிகிச்சை நிலையம், மருத்துவ ஆலோசனை அறை போன்றவற்றை ஆண்டுதோறும் பதிவு செய்யச் சொல்கிறது. அதில் மாகாண சுகாதாரப் பணிப்பாளருக்கும் பங்கு உண்டு. மருத்துவர் நடத்தும் தோல் சிகிச்சை நிலையத்துக்கு இது பொருந்தும். "நாங்கள் வைத்தியம் செய்வதில்லை, அழகுதான் செய்கிறோம்" என்று சொல்லும் பார்லரை இதற்குள் கொண்டுவருவது வாதத்துக்கு உரிய விஷயம். 1927இன் மருத்துவக் கட்டளைச் சட்டம் பதிவில்லாதவர் வைத்தியத் தொழில் செய்வதைக் குற்றமாக்குகிறது. அது எழுதப்பட்டபோது லேசர் பிறக்க இன்னும் 33 ஆண்டுகள் இருந்தன.

கதிர்வீச்சுச் சட்டம் இதைப் பிடிக்காதா என்று கேட்கலாம். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் எக்ஸ்-கதிர் போன்ற அயனாக்கும் கதிர்வீச்சுக்கானது. லேசர் அயனாக்காத ஒளி. எனவே எக்ஸ்-கதிர் அறைக்கு உரிமம் வேண்டும், பக்கத்து அறையில் உள்ள 4ஆம் வகுப்பு லேசருக்கு அதே சட்டத்தின் கீழ் வேண்டியதில்லை.

மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகியவை தொழில் அனுமதிப்பத்திரம் கொடுக்கின்றன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கத்தி, துவாய், கழிவுநீர், மலசலகூடம் பார்ப்பார். சிகையலங்காரக் கடைகளை மனதில் வைத்து உருவான பார்வை அது. அந்த எல்லைக்குள் நல்ல வேலையும் செய்கிறது. மூலையில் துணி போர்த்தி நிற்கும் இயந்திரம் எத்தனை நனோமீற்றர் என்று அவரிடம் யாரும் கேட்கச் சொல்லவில்லை.

தொழிற்கல்வியும் அப்படித்தான். அழகுக்கலைக்குத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் இருக்கிறது. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பயிற்சி நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும். இந்த மாவட்டங்களில் அந்தச் சான்றிதழ் எடுத்துச் சொந்தக் காலில் நின்ற பெண்கள் ஏராளம். போரிலும் 2004 கடற்கோளிலும் கணவனை இழந்து, தையலும் பார்லரும் கொண்டு பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் அவர்களுக்குள் இருக்கிறார்கள். நான் இங்கே எழுதுவது அவர்களுக்கு எதிரானது அல்ல. இயந்திரம் விற்ற முகவர் ஒரு நாளோ இரண்டு நாளோ காட்டிக் கொடுத்ததை மட்டும் வைத்துக்கொண்டு, கடன் பட்டு வாங்கிய கருவியோடு அவர்களைத் தனியே விட்டிருப்பது ஒழுங்கில்லாத ஒழுங்குமுறைதான். காயம் வந்தால் பழி அவர்கள் தலையில் விழும். முகவர் அந்த நேரம் வேறு ஊரில் வேறு இயந்திரம் விற்றுக்கொண்டிருப்பார்.

வெளியே என்ன செய்திருக்கிறார்கள்

அமெரிக்காவில் இதை ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் தீர்த்திருக்கிறது. அதனாலேயே நமக்குப் பாடம் கூட. கலிபோர்னியாவில் முடி நீக்கும் லேசரை மருத்துவர், மருத்துவரின் கீழ் வேலை செய்ய உரிமம் பெற்ற துணை மருத்துவர் (physician assistant), பதிவு பெற்ற தாதி ஆகியோர்தான் இயக்கலாம். அழகுக்கலைஞர்களுக்கும் மின்சார ஊசியால் முடி நீக்குகிறவர்களுக்கும் அனுமதி இல்லை. சிகிச்சைக்கு முன் தகுதியுள்ளவர் ஆளைப் பரிசோதித்திருக்க வேண்டும். நியூ ஜேர்சி நீண்ட காலம் இன்னும் இறுக்கமாக, மருத்துவர் கையில் மட்டும் என்று வைத்திருந்தது. நேர் எதிராக நியூயோர்க் மாநிலம் லேசர் முடி நீக்கலை மருத்துவத் தொழிலாகக் கருதாமல், தனி உரிமமும் வைக்காமல் நீண்ட காலம் விட்டிருந்தது.

இவற்றுக்கு நடுவே டெக்சாஸ் எடுத்த வழி எனக்குப் பிடித்தது. 2009இல் கொண்டுவந்த சட்டத்தால் இந்தத் தொழிலுக்கென்றே 4 படிகளில் சான்றிதழ் வைத்தார்கள். பயிலுநர், தொழில்நுட்பவியலாளர், மூத்த தொழில்நுட்பவியலாளர், அதற்கு மேல் தேர்வு எழுதித் தகுதி பெற்ற நிபுணர். பயிலுநர் மேற்பார்வையில் குறைந்தது 100 சிகிச்சைகள் செய்த பிறகுதான் அடுத்த படி. நிலையத்துக்குத் தனி உரிமம், அந்த நிலையத்தோடு ஒப்பந்தம் உள்ள ஆலோசக மருத்துவர் ஒருவர், முறைப்பாடு எங்கே செய்வது என்பதை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுதல் ஆகியவையும் உண்டு. மருத்துவர் அல்லாதவர் இதைச் செய்யலாம். ஆனால் படிப்படியாக, ஒருவரின் கண் முன்னால், பெயர் பதிவோடு.

ஒழுங்கைத் தளர்த்திப் பார்த்த இடம் இங்கிலாந்து. உயர்வகுப்பு லேசர், ஐ.பி.எல். வைத்திருக்கும் நிலையங்கள் அங்கே சுகாதாரக் கண்காணிப்பு அமைப்பில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. 2010 ஒக்ரோபரில் அழகுக்காகச் செய்யும் லேசரை அந்தப் பதிவிலிருந்து விலக்கினார்கள். பக்கத்தில் உள்ள வேல்ஸ் விலக்கவில்லை. அதன் பிறகு இங்கிலாந்திலேயே கேள்விகள் எழுந்து, 2022இன் சுகாதாரச் சட்டத்தில் அழகுச் சிகிச்சைகளுக்கு உரிம முறை கொண்டுவரும் அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுத்தார்கள். அவிழ்த்த முடிச்சை மறுபடி கட்டுவதற்கு 12 ஆண்டுகள் போனது.

கையில் பயிற்சி இருப்பதும் இல்லாததும் காயத்தில் தெரியுமா? அமெரிக்க நீதிமன்ற வழக்குகளை ஆராய்ந்து 2014இல் தோல் மருத்துவ இதழொன்றில் வெளிவந்த ஆய்வு இதற்கு ஓரளவு பதில் சொல்கிறது. அங்கே லேசர் முடி நீக்கலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் மருத்துவர் அல்லாதவர்கள் செய்தார்கள். ஆனால் 2004 முதல் 2012 வரையான முடி நீக்கல் வழக்குகளில் 75.5 வீதம் அவர்கள் கையால் நடந்த சிகிச்சைகள் தொடர்பானவை. வழக்குக்கு வராத காயங்கள் இந்தக் கணக்கில் இல்லை, மருத்துவர் மீது வழக்குப் போடத் தயங்குகிறவர்களும் இருக்கலாம். அப்படிக் கழித்துப் பார்த்தாலும் அந்த இடைவெளி பெரிது.

மருத்துவர் மட்டும் என்றால் இங்கே என்ன நடக்கும்

இந்த எண்ணைப் பார்த்ததும் "டொக்டர் மட்டும்தான் செய்யலாம் என்று சட்டம் போடுங்கள்" என்று சொல்லத் தோன்றும். கொழும்புக்கு அது சரிவரலாம். மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் சரிவராது என்பது என் கருத்து.

இங்கே தோல் நிபுணர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அரச மருத்துவமனைத் தோல் கிளினிக்கில் காத்திருப்போர் தொழுநோய், சொரியாசிஸ், படை, ஒவ்வாமை என்று உண்மையான நோய்களோடு இருக்கிறார்கள். மருத்துவர் கையால்தான் முடி எடுக்க வேண்டும் என்றால் அந்தக் கை நோயாளியிடமிருந்து பிடுங்கப்படும், அல்லது சனல் பண்ணிப் பார்க்கக் காசுள்ளவருக்கு மட்டும் கிடைக்கும்.

இதைவிடப் பெரிய காரணம் கூச்சமும் மறைவும். காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் சம்மாந்துறையிலும் பெண்கள் மட்டும் போகிற, திரை போட்ட நிலையங்கள் இருப்பதற்கு நியாயம் இருக்கிறது. களுவாஞ்சிகுடியிலும் ஆரையம்பதியிலும் திருக்கோவிலிலும் உள்ள தமிழ்ப் பெண்ணும் ஆண் மருத்துவர் முன் அக்குளைக் காட்டி முடி எடுக்க இலகுவில் சம்மதிக்க மாட்டாள். "பெம்புளை ஆள் இருந்தா சொல்லுங்க ராத்தா, வாறன்" என்பதுதான் இங்கே முதல் நிபந்தனை. பெண் மருத்துவர் கிடைக்காத ஊரில் பெண் அழகுக்கலைஞரைச் சட்டத்துக்கு வெளியே தள்ளினால் லேசர் நின்றுவிடாது. பெயர்ப்பலகை கழன்று வீட்டின் பின்னறைக்குப் போகும். பரிசோதகர் போக முடியாத, பற்றுச்சீட்டு இல்லாத, காயம் பட்டால் வெளியே சொல்ல முடியாத இடம் அது.

ஆகவே டெக்சாஸின் படிமுறையும் கலிபோர்னியாவின் முன்பரிசோதனையும் சேர்ந்த ஒன்று நமக்குப் பொருந்தும். முதல் தடவைக்கு முன் ஒரே ஒரு தரம் மருத்துவர் பார்க்கட்டும்; தோல் வகை, மருந்துகள், மாதவிடாய், மச்சம் எல்லாம் அங்கே பதிவாகட்டும். அதற்குத் தோல் நிபுணர்தான் வேண்டும் என்பதில்லை, பயிற்சி பெற்ற பொது மருத்துவர் போதும். அதன் பிறகு சான்றிதழ் பெற்ற பெண் இயக்குநர் செய்யட்டும். அந்தச் சான்றிதழைத் தொழிற்றகைமை முறைக்குள்ளேயே தனிப் பாடமாக வைக்கலாம்; தேர்வு 4 முதல் 6 வரையான தோல் வகைகளில் நடக்க வேண்டும். வெள்ளைத் தோலில் எடுத்த படங்களைக் காட்டிப் படிப்பிக்கிற பாடத்தால் நமக்குப் பயன் குறைவு. கறுத்த தோலில் சிவப்பு எழும்புவது கண்ணுக்கே சரியாகத் தெரியாது. நிறமாற்றம் நாட்கள் கழித்து வரும். சிறிய இடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு மறுநாளே முழுக்கையையும் தொடங்குவது நம் தோலுக்குப் போதாத பொறுமை.

இப்போதே எதைச் செய்யலாம்

நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவரும் வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. சுகாதாரத்தில் மாகாண சபைக்கு 13ஆம் திருத்தம் பங்கு கொடுத்திருக்கிறது. ஆனால் கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பிறகு தேர்தல் நடக்கவில்லை, நியதிச்சட்டம் இயற்ற ஆளில்லை. பெரும்பாலான உள்ளூராட்சி சபைகளுக்கு 2025 மே மாதம் தேர்தல் நடந்து உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அழகு நிலைய அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தில் லேசரோ ஐ.பி.எல்.லோ உண்டா, இயந்திரத்தின் பெயரும் அலைநீளமும் என்ன, இயக்குகிறவர் யார், அவர் எங்கே பயின்றார், அவசரத்துக்கு எந்த மருத்துவர் என்ற கேள்விகளைச் சேர்ப்பது ஒரு சபை அமர்வில் பேசக்கூடிய விஷயம். உப விதியாக வர்த்தமானியில் வர நேரம் எடுக்கும். படிவத்தில் கேள்வியாக வைக்க அவ்வளவு எடுக்காது. எத்தனை இயந்திரங்கள் எங்கெங்கே நிற்கின்றன என்ற பட்டியலாவது முதன்முறையாகக் கையில் இருக்கும். பிராந்திய சுகாதாரப் பணிமனை அந்தப் பட்டியலைக் கொண்டு பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கு ஒரு நாள் வகுப்பு வைக்கலாம்: கண்ணாடி இருக்கிறதா, குளிரூட்டல் வேலை செய்கிறதா, வாடிக்கையாளர் பதிவேடு எழுதுகிறார்களா என்று பார்க்கப் பழகினாலே போதும்.

நிலையத்துக்குப் போகிறவர்களிடம் சொல்வதற்கும் இருக்கிறது. இயந்திரத்தின் பெயரைக் கேளுங்கள், அதில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். 1064 என்ற அலைநீளம் அதில் உண்டா என்று கேட்பதில் வெட்கமில்லை. எடுக்கும் மருந்தெல்லாவற்றையும், முகப்பரு மருந்து உட்பட, சொல்லுங்கள். மரப்புக் களிம்பை வீட்டில் பூசிப் பிளாஸ்ரிக் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். சின்ன இடத்தில் முதலில் சோதிக்க மறுக்கும் இடத்திலிருந்து எழும்பி வந்துவிடுங்கள். "டொக்டர்தான் செய்வார்" என்று சொன்னால் பெயரைக் கேட்டு இலங்கை மருத்துவ சபையின் பதிவில் தேடலாம். ஆறு தரத்துக்கும் முன்கூட்டியே காசு கட்டவே வேண்டாம். முதல் தடவையில் தோல் காட்டுவதைப் பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தீர்மானிக்க முடியும்.

காயம் பட்டுவிட்டால், அன்றே வெளிச்சத்தில் படம் எடுங்கள், பிறகும் நாள் விட்டு நாள் எடுங்கள். பற்பசையும் முட்டை வெள்ளைக்கருவும் பூசாமல் ஓடும் நீரில் குளிரவைத்து மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே எழுதும் நோயறிக்கைதான் பின்னால் சாட்சி. பற்றுச்சீட்டு, விளம்பரப் படம், வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பியது எல்லாவற்றையும் வைத்திருங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை பொருட்களுக்கு மட்டும் அல்லாமல் சேவைகளுக்கும் முறைப்பாடு ஏற்கிறது. சேவை பெற்ற 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தொலைபேசி இலக்கம் 1977. கருந்திட்டு மறைந்துவிடும் என்று காத்திருந்தே அந்த 3 மாதமும் போய்விடக்கூடும். முறைப்பாட்டின் பிரதி ஒன்றைப் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரிக்கும், அனுமதிப்பத்திரம் கொடுத்த சபைக்கும் சேர்த்தே கொடுங்கள்.